நாலாம் வகுப்பில் சேர்ந்த அப்பா எழுதுவது

மகனே,

நீ முற்றத்தில் பந்தல்காரரோடு கதைத்துக்கொண்டு நிற்கிறாய். தகரம் காணாது, இன்னும் வேண்டும் என்கிறார் அவர். மழை வராது என்கிறாய் நீ. நான் உள்ளே மேசையில் இருந்து உங்கள் இரண்டு பேரின் குரலையும் கேட்டபடி இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாளை மறுநாள் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கி முடிந்தால் பிறகு கலியாணம். கலியாணம் முடிந்தால் எங்கள் வழக்கப்படி நீ வைஷ்ணவி வீட்டுக்கு, நல்லூருக்குப் போய்விடுவாய். வேறு இடங்களில் மகளை அனுப்பிவிட்டுத்தான் அழுவார்களாம். எங்களிடம் மகன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். அப்படி அனுப்புகிற தகப்பன் வாசல் படலையடியில் நின்று அழுதால் ஊர் சிரிக்கும். மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரம்தானே என்பார்கள். தூரம் எனக்கும் தெரியும். ஆனாலும் வீடு வெறிச்சென்றுதான் போகும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதை உன் கையில் தரப்போவதில்லை. உன் வகுப்பறையில், பிள்ளைகள் எழுதியதையெல்லாம் உடுப்புக் கிளிப் போட்டுக் கொழுவுகிற கயிற்றில், நாளைக்கு இதையும் கொழுவிவிடுவேன். நீ கலியாண லீவு முடிந்து வந்து பார்க்கும்போது நாலாம் வகுப்பு முழுவதும் இதை வாசித்து முடித்திருக்கும். பரவாயில்லை. அந்த அறைக்குள் வந்து உட்காருகிற எவரும் எதையாவது எழுதிக் கொழுவாமல் போகக்கூடாது என்பது நீ வைத்த சட்டம். அதிபரும் எழுதிக் கொழுவினார். மின்விசிறி திருத்த வந்தவர் தன் ஏணியைப் பற்றி எழுதிக் கொழுவினார். நான் மட்டும்தான், இன்னும் முடியவில்லை, முடியவில்லை என்று ஒரு பள்ளித் தவணை முழுக்கக் கடத்திக்கொண்டு வந்தவன்.

கயிற்றில் தொங்குவதை வெளியாட்களும் வாசிப்பார்கள் என்பதால் நான் யார் என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அளவெட்டிப் பக்கத்தில் சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஊருக்கு நான் மனேச்சர் இல்லை, கல்வெட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவருடைய படம் போட்ட சிறு புத்தகம் ஒன்று அடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்போம். ஊரின் பெருமை, குடும்பத்தின் பெருமை, இறந்தவரின் குணம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று எல்லாம் பாட்டாக வரும். அத்தனை பேருக்குமாக அழுகிறவன் நான் ஒருவன்தான். கொழும்பில் இருக்கிற மகனுக்காகவும் அழுதிருக்கிறேன், கனடாவில் பிறந்து தமிழ் தெரியாத பேத்திக்காகவும் அழுதிருக்கிறேன். வீட்டுக்காரர் வந்து பெயர்களைச் சொன்னால் போதும், ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவேன்.

உன் அம்மா என் கல்வெட்டுகளை வாசித்ததில்லை. ஒருமுறை மட்டும், அச்சகத்தில் இருந்து வந்த கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து, நின்றபடியே வாசித்தாள். வாசித்துவிட்டு, "உங்கடை கையிலை அகப்பட்டால் எல்லாரும் ஒரே ஆளாத்தான் சாகினம்" என்றாள். "உவர் ஆருக்கும் ஒரு வாய் தண்ணி குடுத்தவரே? வள்ளல் எண்டு எழுதியிருக்கிறியள்." எனக்குச் சுருக்கென்றது. "கல்வெட்டிலை வேறை என்னத்தை எழுதுறது?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். சிரித்ததுதான் எனக்குக் கூடக் கோபம். அவள் கேட்டது சரியான கேள்வி என்று விளங்க, எனக்கு உன் நாலாம் வகுப்பு தேவைப்பட்டிருக்கிறது.

நீ அந்த வகுப்பைப் பொறுப்பேற்ற புதிதில் ஒருநாள் கொப்பிகளைக் கட்டாகக் கொண்டுவந்து விறாந்தையில் பரப்பினாய். 'எங்கள் வீட்டுப் பசு' என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். எல்லாப் பசுவும் சாதுவானது, எல்லாப் பசுவும் வெள்ளை, எல்லாப் பசுவுக்கும் இலட்சுமி என்று பெயர். ரியூசனில் பாடமாக்கியது. "இதுக்குள்ளை மாடு வைச்சிருக்கிற வீடு எத்தினை எண்டு எனக்குத் தெரியும் அப்பா" என்று நீ சொன்னாய். "வைச்சிருக்கிற பிள்ளையளும் தங்கடை மாட்டை எழுதேல்லை." நான் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து வடிவாக இருக்கிறதே என்றேன். நீ கொப்பிகளைத் திரும்பக் கட்டினாய். அடுத்த கிழமையே அதிபரிடம் கேட்டு, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடத்தையும் எடுத்து, அதற்கு எழுத்துப் பட்டறை என்று பெயரும் வைத்துவிட்டாய். அத்தோடு குசினிக்குள் கிடந்த அம்மாவின் நீலக் கதிரையையும் தூக்கினாய். அவள் மரக்கறி வெட்ட இருக்கிற கதிரை. அவள் கண்மூடிய பிறகு அதில் யாரும் இருப்பதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. "பள்ளிக்கூடத்திலை கதிரை இல்லையோ?" என்று கேட்டேன். "வாசிக்கிற ஆளுக்கு வேறை கதிரை வேணும் அப்பா. அதிலை இருந்தால், எழுதின ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியோணும்" என்றாய். மோட்டார் சைக்கிளின் பின்னால் கதிரையைக் கட்டிக்கொண்டு நீ போனதை, ஒழுங்கை பெருந்தெருவில் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டறை எப்படி நடக்கிறது என்பதை நான் பிறகுதான் கண்ணால் கண்டேன். ஆனாலும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த வேலையின் கனம் விளங்காது. முதலில் நீ கரும்பலகையில் உன்னுடைய ஒரு கதையை எழுதத் தொடங்குவாய். வழியில் கண்ட ஒரு நாய், அல்லது காலையில் கருகிப்போன தோசை. இரண்டு வரி எழுதிவிட்டு ஒன்றை வெட்டுவாய். "சேர் பிழை விட்டிட்டார்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "பிழை இல்லை, யோசிக்கிறன்" என்பாய். பிறகு அவர்கள் எழுதுவார்கள். நீ ஒவ்வொரு மேசைக்கும் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாசிப்பாய். அது ஏன் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "கட்டாட்டில் கை தன்பாட்டிலை பிள்ளையின்ரை பென்சிலைப் பறிக்கும்" என்றாய். கடைசியில் ஒரு பிள்ளை நீலக் கதிரையில் ஏறி இருந்து வாசிக்கும். கேட்கிறவர்கள் நல்லது என்றும் சொல்லக்கூடாது, கூடாது என்றும் சொல்லக்கூடாது. தங்களுக்கு எது அறிய விருப்பமோ அதைக் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு அந்தப் பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை வரும். எழுத்துப் பிழை, ளகர லகரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாய் தகப்பன்மாருக்கு இது பிடிக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பு, ஸ்கொலஷிப் சோதனை, பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம் என்ற கனவு எல்லா வீட்டிலும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பாடத்தில் பழைய வினாத்தாள் செய்யாமல் பிள்ளைகள் ஆட்டைப் பற்றியும் பூனையைப் பற்றியும், அதுவும் வீட்டில் கதைக்கிற தமிழில் எழுதிக்கொண்டு வந்தால் அவர்களுக்கு நெஞ்சு பதறத்தானே செய்யும்? அதிபரிடம் போய்ச் சொன்னார்கள். அதிபர் நல்ல மனிதர், ஆனால் தனியாக முடிவெடுக்கத் தயங்கினார். வலயக் கல்விக் கந்தோரில் இருந்து ஆசிரிய ஆலோசகர் அம்மா ஒருவரைக் கூப்பிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோரும் வருவார்கள், பிள்ளைகள் வாசிப்பார்கள், அந்த அம்மா கேட்டுப் பார்த்து, பட்டறை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுவார். நீ சாப்பிடும்போது இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். ஆனால் அன்றைக்கு நீ கோப்பையில் சோற்றை மிச்சம் விட்டாய். உனக்கு அந்த வெள்ளிக்கிழமை எவ்வளவு முக்கியம் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

அந்த இடைவெளியில்தான் அவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது உன் வகுப்புச் சனோஜனின் தாய். நீ பள்ளிக்கூடத்தில் நிற்கிற நேரம் பார்த்து, சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, கைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். "ஐயா, பிள்ளை ஆடு எண்டு என்னவோ எழுதி வைச்சிருக்கிறான். பெரிய ஆக்களுக்கு முன்னாலை வாசிக்கிறதாம். கொஞ்சம் வடிவாத் திருத்தித் தாங்கோ." பிறகு இன்னொரு தாய். பிறகு ஒரு தகப்பன். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. "சேருக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன் மகனே. என் பிள்ளையின் பட்டறையில் இருந்து இப்படியான தமிழ் வருகிறது என்று அந்த அம்மா மலைத்துப் போகட்டும் என்று நினைத்தேன். நீ வீட்டுக்கு வந்து, அப்பா, பிள்ளைகள் திடீரென்று எப்படி எழுதுகிறார்கள் என்று வியந்து சொல்லுகிற காட்சியைக்கூட மனதில் ஓட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

சனோஜன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஆடு கிணற்றுக்கட்டில் ஏறி நின்றது, அப்பா ஏசினார், ஆடு இறங்கவில்லை, அப்பா அதற்குப் பிஸ்கட் காட்டினார், ஆடு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பவும் ஏறிவிட்டது. நான் பிஸ்கட்டை எடுத்தேன். ஆதவன் பொற்கதிர் பரப்பும் இனிய காலைப்பொழுதைப் போட்டேன். வாய் பேசா உயிர்களின் அன்பைப் போட்டேன். கடைசியில் அந்த ஆடு எதன் மீதும் ஏறக்கூடிய ஆடாக இல்லை. துவாரகியின் தாளும் வந்தது. அவளுடைய தகப்பன் தவில்காரர், திருவிழாக் காலத்தில் வீட்டில் நிற்கமாட்டார். அவள் எழுதியிருந்தாள்: அப்பா நித்திரையிலும் கையால் தொடையில் தட்டுவார், அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளுவா, அப்போது தட்டு நிற்கும். நான் அதை வாசித்துவிட்டுக் கொஞ்சம் கூச்சப்பட்டேன். புருஷன் பெண்சாதி கையைப் பிடிப்பதெல்லாம் சபையில் வாசிக்கிற விஷயமா? அந்தக் கையை வெட்டிவிட்டு, தவிலிசை மரபின் பெருமையை ஒரு பந்தி எழுதிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. நானும் வேட்டி சால்வையோடு போய்ப் பின்வரிசையில் இருந்தேன். முதல் பிள்ளை நீலக் கதிரையில் ஏறியது. ஆதவன் பொற்கதிர் பரப்பினான். பெற்றோர் முகத்தில் பெருமை. இரண்டாவது பிள்ளை ஏறியது. திரும்பவும் ஆதவன் பொற்கதிர் பரப்பினான். மூன்றாவதாக வந்த சனோஜனின் ஆதவன் உதித்தபோது முன்வரிசையில் யாரோ இருமினார்கள், அது இருமல் இல்லை. எனக்கு இருப்பதே மூன்று நான்கு தொடக்கம்தான், கல்வெட்டுக்கு அது போதும், ஒரே நாளில் ஒரே ஊரில் அத்தனை பேர் சாவதில்லையே! சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டாவது ஆதவனிலேயே உனக்கு விளங்கிவிட்டது என்று உன் பிடரியைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. பட்டறை என் கையால் முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். எழும்பி ஓடலாம் போலிருந்தது.

துவாரகி வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள், மரபு, பெருமை, நாதம் எல்லாம் தடக்காமல் வந்தது. அவளுடைய தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், வேறு யாரையோ புகழுகிறார்கள் என்பதுபோல. அவள் முடித்ததும் நீ வழமைபோலக் கேட்டாய், "ஆருக்கு என்ன அறிய விருப்பம்?"  பிறகு சனோஜன் கையை உயர்த்தினான். "துவாரகி, நீ முந்தி வாசிச்சதிலை அப்பான்ரை கை வந்ததெல்லே? அது எங்கை போட்டுது?"

"அது வெட்டுப்பட்டிட்டுது" என்றாள் அவள்.

ஆலோசகர் அம்மா நிமிர்ந்து, "என்ன கை, பிள்ளை?" என்று கேட்டார். துவாரகி தாளைப் பார்த்தாள். தாளில் அது இல்லை. தாளைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, தன் வாயால் சொன்னாள், நித்திரை, தொடை, அம்மா பிடித்து வைப்பது எல்லாவற்றையும். "பிடிச்சால் நிண்டிடும். விட்டால் திரும்பத் தட்டுவார். அதாலை அம்மா விடுறேல்லை." தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர். தவில்காரர் தன்னுடைய கையை, அதை அன்றைக்குத்தான் காண்கிறவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் நித்திரையிலை தட்டுறனானே?" என்று பெண்சாதியைக் கேட்டார். அந்த அறை முழுவதும் சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் தாளைப் பார்த்து வாசிக்கவில்லை. சனோஜனின் ஆடு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பக் கிணற்றுக்கட்டில் ஏறியது. என்னிடம் தாள் கொண்டுவந்த அதே தாய்மார், "பேந்து என்ன நடந்தது?" என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து ஆலோசகர் அம்மா உன்னிடம் வந்தார். "பிள்ளையளின்ரை கதை நல்லாயிருக்கு, தம்பி. ஆனால் உந்தத் தாளிலை இருக்கிற தமிழ் ஆரின்ரை?" பெற்றோர் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். நீ ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அது எங்கடை ஒரு ஆள்தான், மேடம். அவருக்கு எழுத நல்ல விருப்பம். வாற வெள்ளிக்கிழமையிலை இருந்து அவரும் இந்த வகுப்பிலை சேருறார்" என்றாய். அந்த அம்மா சிரித்துவிட்டு, "இந்த வருஷம் நடக்கட்டும். வாற வருஷத்தைப் பேந்து பாப்பம்" என்று அதிபரிடம் சொன்னார். அவ்வளவுதான், ஆனால் எங்களுக்கு அது போதுமாக இருந்தது. மகனே, நீ என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கோபித்திருக்கலாம். வீட்டில் வந்து இரண்டு நாள் கதைக்காமல் இருந்திருக்கலாம், உன் வயதில் நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நீயோ, வரும் வழியில் கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு பென்சில் வாங்கி என் சட்டைப் பையில் செருகினாய். "நாலாம் வகுப்புக்குப் பேனை இல்லை அப்பா, பென்சில்தான்." பின்னால் இருந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்குக் கடவுளுக்கும், வளர்த்ததற்கு உன் அம்மாவுக்கும் அந்த வழியிலேயே நன்றி சொன்னேன். உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

அப்படித்தான் நான் நாலாம் வகுப்பில் சேர்ந்தேன். பின்வாங்கில் இருந்தால் முழங்கால் மேசையில் முட்டும். சனோஜன் தன் அழிறப்பரைப் பாதியாக வெட்டி எனக்குத் தந்தான். நான் உன் அம்மாவைப் பற்றி எழுதினேன். அவளுடைய கல்வெட்டையும் நான்தான் எழுதியிருந்தேன், அதனால் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நீலக் கதிரையில் இருந்து வாசித்தேன். இல்லத்தின் விளக்கு, பொறுமையின் வடிவம், விருந்தோம்பலில் நிகரற்றவள். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள், தவில்காரர் கேட்டதுபோல. நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாய். அறிய விருப்பம் உள்ளவர்கள் கேட்கலாம் என்றதும் துவாரகி எழும்பினாள்.

"ஐயா, அவ உங்களை என்னெண்டு கூப்பிடுறவ?"

ஊரில் பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். எல்லாப் பெண்களும் கூப்பிடுகிறமாதிரித்தான் அவளும் கூப்பிட்டாள். "இஞ்சரப்பா எண்டு" என்றேன். இங்கே பாருங்கோ என்கிற அந்தச் சொல் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் வாயில் வந்தது. பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள், எல்லோருடைய வீட்டிலும் அதே சொல்தானே.

"அப்ப நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"ஒண்டும் சொல்லமாட்டன் பிள்ளை. எழுதிக்கொண்டிருப்பன். இந்த வரி முடியட்டும் எண்டு இருப்பன்."

"பேந்து?"

"பேந்து அவ இன்னொருக்கால் கூப்பிடுவா. பேந்து கூப்பிடமாட்டா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அவ எதுக்குக் கூப்பிட்டவ எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியாது. அதுதான் உண்மை. குசினிக்குள் ஏதாவது பாரமான பானையைப் பிடிக்கக் கூப்பிட்டிருப்பாள். வேலியில் புதிதாக ஒரு குருவி வந்திருக்கும். நீ முதல்முதல் எழும்பி நின்ற அன்றைக்கும் அவள் கூப்பிட்டிருக்கலாம். அல்லது ஒன்றுக்குமே இல்லாமல், சும்மா பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். யாரோ ஒருவரின் மனைவி புலம்பலுக்குச் சீர் தேடிக்கொண்டு நான் மேசையில் இருந்திருக்கிறேன், என்னுடைய மனைவி உள்ளே இருந்து கூப்பிட்டிருக்கிறாள். நீலக் கதிரையில் இருந்தபடியே நான் அழுதுவிட்டேன். எல்லோருக்காகவும் இத்தனை வருஷம் பாட்டில் அழுதவன், எனக்காக அழுதது அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால்தான். அவர்கள் பயப்படவில்லை. துவாரகி தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தாள். சனோஜன், "ஐயா, அதை வாற கிழமை எழுதிக்கொண்டு வாங்கோ" என்றான், உன்னைப்போலவே. நான் வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய், அவள் இருந்த இடத்தில், கதிரை இல்லாமல், நிலத்தில் சும்மா இருந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் என் மேசை நேராகத் தெரிகிறது. அது எனக்குத் தெரியாது.

இதை நான் துக்கத்துக்காக எழுதவில்லை. உண்மையாகச் சொன்னால் அன்றைக்குப் பிறகு எனக்கு மனம் லேசாகிவிட்டது. அவள் திரும்ப வந்ததுபோல இருக்கிறது. விளக்கும் வடிவமுமாக இருந்தவளை எனக்கு ஞாபகம் வராது, இஞ்சரப்பா என்கிறவளை நன்றாக ஞாபகம் வருகிறது. அவள் சிரித்துக்கொண்டு குசினிக்குள் போன அந்த நாளில் இப்போது எனக்குக் கோபம் இல்லை, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அவளை எனக்குத் திருப்பித் தந்தது உன்னுடைய வெள்ளிக்கிழமை. இப்போது கல்வெட்டுக்கு யாராவது வந்தால் பெயர்களை மட்டும் கேட்பதில்லை. அவர் தேத்தண்ணியை எப்படிக் குடிப்பார், யாரோடு சண்டை பிடிப்பார் என்று கேட்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில், பொறுமைசாலி என்று எழுத வேண்டாம், மனிதர் சரியான கோபக்காரர், அதையே எழுதுங்கோ என்று மகளே சொன்னாள். எழுதினேன். முப்பத்தோராம் நாள் அதை வாசித்தபோது ஆட்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு நிஜமாக அழுதார்கள்.

புத்திமதி சொல்லாமல் தகப்பன் கடிதத்தை முடிக்க முடியாது, பொறுத்துக்கொள். நல்லூரில் நீ புது வீட்டுக்குள் போகிறாய். ரியூசன் சென்ரர்களும் சைக்கிள்களும் நிறைந்த தெரு, இரவுவரை சத்தம் இருக்கும், நித்திரை வராவிட்டால் குறை சொல்லாதே. மாமா மாமியிடம் உன் வகுப்பில் கேட்கிறமாதிரியே கேள், நல்லது கூடாது சொல்லாமல், அறிய விருப்பமானதை மட்டும். கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுத்திரு, உனக்கு அது வரும். வைஷ்ணவி ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள், அவளுடைய சொல்லைப் பறித்து நீ முடித்துவிடாதே. நீலக் கதிரையைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கவா என்று போன கிழமை கேட்டாய். வேண்டாம், அது வகுப்பிலேயே நிற்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் நான் வருவேன்.

மிச்சம் ஒன்றுதான். கொஞ்ச நாளில் அவளும் உன்னை இஞ்சரப்பா என்று கூப்பிடத் தொடங்குவாள். நீ பிள்ளைகளின் கொப்பி பார்த்துக்கொண்டிருப்பாய், அல்லது ஏதாவது எழுதிக்கொண்டிருப்பாய். இந்த வரி முடியட்டும் என்று இருக்காதே. முதல் கூப்பிடலிலேயே எழும்பிப் போ. குருவி என்றாலும் போய்ப் பார். வரி எங்கேயும் ஓடாது.

இதற்கு இன்னும் ஒரு நல்ல முடிவு எழுதலாம் என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். முற்றத்தில் இருந்து நீ கூப்பிடுகிறாய். "அப்பா, ஒருக்கால் வாங்கோ." தகரத்துக்காக இருக்கும், அல்லது வேறு எதற்கோ. வரி முடியவில்லை. முடியாவிட்டால் கிடக்கட்டும்.

ஓம், வாறன்.